வீ கன்சோலை கடையில குடுக்கப் போறீங்களா, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் குடுத்துடாதீங்க

நின்டெண்டோ வீ கேம் கன்சோல் வச்சிருக்கவங்க, அதுலயும் ஹார்ட் டிஸ்க்ல கேம் ஓட வச்சுத் தர்றோம்னு சொல்ற கடைக்குப் போறவங்க கொஞ்சம் நின்னு இத படிச்சிட்டுப் போங்க. ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல.

எங்க வீட்டு வீ 2009-ல அண்ணன் வெளிநாட்டுல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்தது. கொஞ்சம் கொஞ்சமா 23 கேம் டிஸ்க் சேந்துச்சு, புள்ளைங்க கைபட்டு பாதி டிஸ்க்ல கீறல். இனிமே புதுசா வாங்கவும் முடியாதுன்னு போன வருஷம் ஹோம்ப்ரூ சேனல் (வெளி ஆளுங்க எழுதுற புரோகிராமை வீ-ல ஓட்ட உதவறது) போட்டு, டிஸ்க்கை காப்பி எடுக்குற கிளீன்ரிப் புரோகிராமை வச்சு ஒவ்வொரு டிஸ்க்கா நானே காப்பி எடுத்தேன். சும்மா இல்ல, ஒரு டிஸ்க்குக்கு அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், கீறல் இருந்தா நடுவுல நின்னுடும், தொடச்சி மறுபடி போடணும், இப்படியே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து எடுத்தது. சாதாரண டிஸ்க்னா ஒரு ஐஎஸ்ஓ (மொத்த டிஸ்க்கோட முழு காப்பி ஃபைல்) 4.37 ஜிபி, ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் மட்டும் டபுள் லேயர் (ரெண்டு அடுக்கு டிஸ்க்), அது 7.93 ஜிபி. எல்லாம் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்ல, விண்டோஸ் வழக்கமா பயன்படுத்துற என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருந்துச்சு, பக்கத்துல இன்னொரு ஃபோல்டர்ல பசங்க சின்ன வயசு போட்டோ.

அப்புறம் வீ-ல டிஸ்க் படிக்கிற லென்ஸ் வீக் ஆயிடுச்சு. யூஎஸ்பில கேம் ஓடணும்னா சிஐஓஎஸ் (வீ-யோட சிஸ்டம் சாஃப்ட்வேர்ல மாத்தி எழுதின பகுதி) போடணும், தப்பா போட்டா வீ பிரிக் ஆயிடுமோ, அதாவது ஆன் ஆகாம செத்துடுமோன்னு பயம், அதனால வீ-யையும் அந்த ஹார்ட் டிஸ்க்கையும் சேத்து கடையில குடுத்தேன். லென்ஸுக்கும் செட்டப்புக்கும் சேத்து 3,500 ரூபா. "உள்ள என் டேட்டா இருக்கு தம்பி, எதையும் அழிச்சிடாதீங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னாரு.

திரும்பி வந்தப்போ டிவில கேம் லிஸ்ட் வந்துச்சு, ஆனா நான் கேக்காத 60 கேம், என்னோடது ஒண்ணு கூட இல்ல. லேப்டாப்ல சொருகினா "இந்த டிரைவை பயன்படுத்தணும்னா ஃபார்மேட் பண்ணணும்"னு விண்டோஸ் கேக்குது. கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. (யாருக்காவது இப்படி வந்தா தயவுசெஞ்சு ஓகே அமுக்கிடாதீங்க.)

என்ன ஆச்சுன்னா, கடைக்காரர் மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் வீ கேமுக்குன்னே உள்ள டபிள்யூபிஎஃப்எஸ் பார்ட்டிஷனா (ஹார்ட் டிஸ்க்ல பிரிச்சு வைக்கிற பகுதி) மாத்திட்டாரு. கேட்டா "சார், வீ-க்கு டபிள்யூபிஎஃப்எஸ் மட்டும்தான் சார், வேற எதையும் எடுக்காது"ங்கறாரு. இது சுத்தப் பொய், இல்லன்னா தொழிலே தெரியல. டபிள்யூபிஎஃப்எஸ்னு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு பார்ட்டிஷன், ஆரம்ப காலத்துல வந்தது, விண்டோஸுக்கு அது என்னன்னே தெரியாது, வீ கேமைத் தவிர வேற எதையும் அதுல வைக்க முடியாது. இன்னொண்ணு .டபிள்யூபிஎஃப்எஸ்னு முடியுற சாதாரண ஃபைல், அதை ஃபேட்32-ங்கற சாதாரண ஃபார்மேட்ல உள்ள ஹார்ட் டிஸ்க்ல மத்த ஃபைல் மாதிரியே வச்சுக்கலாம். ஹார்ட் டிஸ்க்ல இருந்து கேம் ஓட்டுற யூஎஸ்பி லோடர் ஜிஎக்ஸ் புரோகிராம் ஃபேட்32 படிக்கும், என்டிஎஃப்எஸ்-ம் படிக்கும், எக்ஸ்ஃபேட் மட்டும் ஆகாது. அப்போ என் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் பண்ண வேண்டிய அவசியமே இல்ல!

இப்போ புதுசா ஒரு ஹார்ட் டிஸ்க்ல நானே பண்ணி வச்சிருக்கேன், சொல்றேன், அவ்வளவு கஷ்டமில்ல. பார்ட்டிஷன் டேபிள் எம்பிஆர், ஃபார்மேட் ஃபேட்32, கிளஸ்டர் (இடத்த பிரிக்கிற துண்டோட அளவு) 32 கேபி. விண்டோஸ் ஃபார்மேட் விண்டோல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 காட்டாது, ஜியூஐ ஃபார்மேட்னு சின்ன டூல் இருக்கு, அது போதும். ஃபேட்32-ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஆனா ஐஎஸ்ஓவை டபிள்யூபிஎஃப்எஸ் ஃபைலா மாத்துற வீ பேக்கப் மேனேஜர் தானே ரெண்டா வெட்டி, ரெண்டாவது துண்டுக்கு .டபிள்யூபிஎஃப்1-னு பேர் வச்சிடும். கேம் டிஸ்க்ல இடத்த நிரப்ப வச்சிருக்கற குப்பையெல்லாம் டபிள்யூபிஎஃப்எஸ் ஃபைல்ல போயிடும், நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ 4.37 ஜிபில இருந்து 400 எம்பிக்குள்ள வந்துடுச்சு. ஆனா போன குப்பை போனதுதான், ஒரிஜினல் டிஸ்க்கோட பைட்டுக்கு பைட் ஒத்துப் பாக்க இதை வச்சு முடியாது. அதனால விளையாட டபிள்யூபிஎஃப்எஸ் ஃபைல், பத்திரமா வைக்க முழு ஐஎஸ்ஓ, இல்லன்னா டால்பின்ல (கம்ப்யூட்டர்ல வீ கேம் ஓட்டுற புரோகிராம்) மாத்துற ஆர்விஇசட் ஃபைல். அதுல சைஸும் குறையும், வேணும்போது அப்படியே முழு ஐஎஸ்ஓவா திருப்பிக்கலாம். இது ரெண்டும் வேற வேற ஹார்ட் டிஸ்க்ல இருக்கட்டும், கடைக்குப் போற ஹார்ட் டிஸ்க்ல ஒரே காப்பிய வச்சு அனுப்பினது நான் பண்ண பெரிய தப்பு.

இன்னொண்ணு, சிஐஓஎஸ் போடறதுக்கு முன்னாடி பூட்மீ-ங்கற புரோகிராம்ல நாண்ட் பேக்கப் (வீ-யோட உள் மெமரியோட காப்பி) எடுத்தாரான்னு கேட்டேன், "அதெல்லாம் தேவையில்ல சார்". அந்த பேக்கப் ஃபைல் நாண்ட்.பின், அதைத் திறக்குற சாவி ஃபைல் கீஸ்.பின் ரெண்டும் எஸ்டி கார்டுல கைக்கு வராம கன்சோலை யாரும் திருப்பி வாங்காதீங்க, கீஸ் ஒவ்வொரு வீ-க்கும் தனி, இன்னொருத்தரோடத வச்சு சமாளிக்க முடியாது.

சண்டை போட்டதுல 1,000 ரூபா திருப்பிக் குடுத்தாங்க. அழிஞ்ச ஃபைலை மீட்குற போட்டோரெக்ல ரெண்டு நாள் ஓட விட்டு போட்டோ பாதி வந்துச்சு, பேரு தேதி எதுவும் இல்லாம எஃப்-ல ஆரம்பிச்சு வெறும் நம்பரா, இப்போ வீட்டம்மாவும் நானும் உக்காந்து எது பொறந்த நாள் எது பழனின்னு பிரிச்சிட்டிருக்கோம். ஐஎஸ்ஓ ஒண்ணும் மீளல. புது லென்ஸ்ல கேம் டிஸ்க்கை மறுபடி காப்பி எடுக்க ஆரம்பிச்சேன், 23-ல 17 வந்துடுச்சு, மீதி ஆறும் படிக்கவே மாட்டேங்குது. போன வருஷம் நாலஞ்சு தடவ தொடச்சித் தொடச்சி எடுத்த அதே ஆறு.