மோவர் நல்ல மோவர்தான், டயர்தான் நிற்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சிட்னி மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் தம்பி மாதிரிப் பழகும் ஒருவர் கேட்டார்: "அண்ணே, உங்க வீட்டுல இருக்கிற அதே புல் வெட்டுற மோவர் இப்ப 499 டாலருக்குப் போட்டிருக்கான். வாங்கிடட்டுமா?" நான் 2021 செப்டம்பரில் 649 கொடுத்து வாங்கியது. அவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு அதிலேயே இருந்ததால் எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயில், பிளேடுக்கு ஒரு சாணை, அவ்வளவுதான் செலவு. குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பிறகும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இருப்பது கிகுயு புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல் சிட்னியில் டிசம்பர், ஜனவரியில் மழை பெய்து வெயிலும் அடித்தால் பத்து நாளில் மெத்தை மாதிரி ஆகிவிடும். அந்த மெத்தையை இந்த எஞ்சின் திணறாமல் வெட்டுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் கோபத்தில் மறந்துவிடக் கூடாது.

கோபம் பின்சக்கர டயர் மேல். டயர் என்று பெயரே தவிர, காற்றும் கிடையாது, ட்யூபும் கிடையாது. பிளாஸ்டிக் சக்கரத்தின் மேல் மாட்டிய கெட்டியான ரப்பர் வளையம் அது. வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வரப்பு, சக்கரத்தில் அதற்கேற்ற ஒரு பள்ளம். வரப்பு பள்ளத்தில் இறுக உட்கார்ந்திருக்கும் வரைக்கும் சரி. இது பின்சக்கரம் தானாக இழுத்துப் போகும் வகை என்பதால், எஞ்சின் தரும் இழுப்பு முழுவதும் அந்த ஒரு இறுக்கத்தை நம்பித்தான் தரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது கோடையில் இடது பக்கம் தளர்ந்தது. முதலில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம் எஞ்சின் ஓடுகிறது, சக்கரமும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. குனிந்து பார்த்தால் டயர் அசையாமல் இருக்க, சக்கரம் அதற்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்தது. வேலி மூலையில் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பினேன், டயர் பக்கவாட்டில் உருண்டு புல்லில் விழுந்தது.

கையால் அழுத்தி மாட்டினேன், இரண்டு வாரம் நின்றது. சூப்பர் குளூ போட்டேன், ஒரு தடவை வெட்டி முடிப்பதற்குள் விட்டுவிட்டது. பிறகுதான் சக்கரத்தின் உள்முகத்தில் அச்சடித்திருந்த 'பிபி' என்ற எழுத்தைக் கவனித்தேன். பாலிப்ரொப்பிலீன். அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பசை பிடிப்பதற்கென்று முதலில் ஒரு பிரைமர் பூசியாக வேண்டும். பிரைமரும் பூசி, கட்டட வேலைக்குப் பயன்படும் கெட்டிப் பசையும் வைத்து ஒட்டினேன். ஜனவரி வரை நின்றது. சிட்னியின் மேற்குப் பக்கம் உள்ள பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவான பக்கம் இது, எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். தகர ஷெட்டுக்குள் பகல் முழுக்க வெந்த பசை வெல்லப்பாகு மாதிரி இளகியிருந்தது.

விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். சக்கரம் தேய்கிற பொருளாம், வாரண்டியில் வராதாம். தேய்ந்திருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அந்த டயரில் பட்டன் ஒன்றுகூட மழுங்கவில்லை. தேய்வதற்கும் கழன்று விழுவதற்கும் வித்தியாசம் இல்லையா? ரிப்பேர் கடையில் இரண்டு சக்கரத்துக்கு 92 டாலர் கேட்டார்கள். புதிதும் இப்படித்தான் ஆகும் என்று கடைக்காரரே மறைக்காமல் சொன்னார், அவருக்கு நன்றி.

அன்றைக்கு ராத்திரி தாத்தா ஊர் கொல்லுப்பட்டறை ஞாபகம் வந்தது. தாராபுரம் பக்கம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது ஆசாரி பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அடித்து வைப்பார். எருவாட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்து விரிந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி கிளம்பும், மரம் முனகும். சுருங்கும் பட்டை வட்டையையும் ஆரக்காலையும் சேர்த்து நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே பசை ஏது? பட்டை சின்னது, சக்கரம் பெரியது, அந்த வித்தியாசம்தான் பிடி.

காலையில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டயர் வரப்பின் உள்சுற்றளவு, சக்கரப் பள்ளத்தின் சுற்றளவைவிட 11 மில்லிமீட்டர் அதிகம். வெயிலிலும் இழுப்பிலும் ரப்பர் நீண்டுவிட்டது. நான் இரண்டு வருஷமாகத் தொளதொளத்த சட்டையைப் பசை போட்டு உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 11 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் ஆரத்தில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். பழைய சைக்கிள் ட்யூபின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு சுற்று போட்டால் கணக்கு சரியாக வந்தது.

நவம்பரில் செய்த வேலை இதுதான். முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், இதை விடாதீர்கள். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவினால் உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரமும் அதன் சாவியும் இருக்கும். என் வண்டியில் இடது வேறு, வலது வேறு. முதல் தடவை மாற்றிப் போட்டு அரை நாள் போனது, அதனால் கழற்றுமுன் போட்டோ எடுத்து வையுங்கள். பள்ளத்தில் மாவு மாதிரி நைசான மண் அடைந்திருந்தது. அதைப் பல்துலக்கும் பிரஷால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். ட்யூபைப் பட்டையாக நறுக்கிப் பள்ளத்தில் இழுத்துச் சுற்றினேன். டயரை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டுத் துணியால் பிடித்து மாட்டினேன். ஆறியதும் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சுற்றாமல் இருக்க, டயர் பட்டன்களின் நடுப் பள்ளத்தில் சக்கரத்துக்கு ஆறு சின்ன எவர்சில்வர் திருகாணி. தலை தரையில் படக் கூடாது, முனை உள்ளே பற்களைத் தொடக் கூடாது.

டயருக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். இன்றைக்கு மார்ச் மாதம். பதினான்கு முறை வெட்டியாயிற்று. கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. வெட்டி முடித்து ஷெட்டில் விடும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன், மனசு நிறைகிறது.

இருந்தும் தம்பிக்கு இன்று காலை போன் போட்டு வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அதான் சரி பண்ணிட்டீங்களே அண்ணே, எஞ்சின் நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். எஞ்சின் நல்லதுதான். ஆனால் இவ்வளவு நல்ல எஞ்சினைச் செய்யத் தெரிந்தவர்கள் நான்கு வருஷமாக அதே சக்கரத்தைப் போட்டு விலையை மட்டும் குறைக்கிறார்கள். அதற்கு 499 கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போகிறோம். எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் பின்சக்கரத்தைத் தூக்கி, டயரைப் பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரப்பர் சக்கரத்தின் ஓட்டைகளுக்குள் இறங்கி வார்த்தது போல் பிடித்திருந்தால் மேற்கொண்டு விலை பேசலாம். விளிம்பு நகத்துக்கு இடம் கொடுத்தால் வைத்துவிட்டு வந்துவிடுவோம்.