போமட் போட்டால் அழிந்துவிடுமா? ஷ்ரெட்ஓஎஸ் பற்றி ஒரு கொமினிகேசன் கடைக்காரி

ஷ்ரெட்ஓஎஸ் ஒரு பென் ட்ரைவுக்குள் அடங்கிவிடும் சின்ன லினக்ஸ் இயங்குதளம். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஹாட் டிஸ்க்கை முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை எழுதி அழிக்கும். காசு கிடையாது, பதிவு செய்யத் தேவையில்லை, விளம்பரம் வராது. பழைய டிஸ்க்கில் புது இயங்குதளம் போடுவதற்கு முன்னர் இதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். பிடித்திருக்கிறது. ஆனால் எல்லா டிஸ்க்குக்கும் இது சரிவராது, அதையும் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே என்னுடைய கடை. போட்டோக்கொப்பி, ஸ்கேன், ரைப்பிங், வேலை விண்ணப்பம், கடன் கடிதம், பாஸ்போட் போம் என்று நாள் ஓடும். கடையில் இருப்பவை மூன்றாம் தலைமுறை ஐ3 கொம்பியூட்டர்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இவற்றை ஏற்காது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். புதுசு வாங்கப் பணமில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு மெஷினை ஏ/எல் படிக்கும் பிள்ளை ஒன்றின் வீட்டுக்கு விற்பதாகவும் பேச்சு. விற்பது என்று வந்த பிறகுதான், உள்ளே என்ன கிடக்கிறது என்ற யோசனை வந்தது.

மின்ட் நிறுவும்போது "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு" என்று ஒரு தெரிவு வரும். பலர் அதோடு எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது பகுதிகளின் அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது, பிறகு புது இயங்குதளத்துக்கு வேண்டிய சில ஜிபி இடத்தை நிரப்புகிறது. மிச்சம் இருந்தபடி இருக்கும். விண்டோஸின் குயிக் போமட்டும் இதே கதைதான். கிராம சேவகரின் பதிவேட்டில் குடும்பத்தின் பெயரை வெட்டிவிட்டு, குடும்பத்தை வீட்டிலேயே இருக்க விட்டதுபோல. படலையைத் திறந்துகொண்டு போனால் எல்லாரும் இருப்பார்கள்.

இதை நான் எங்கேயும் வாசித்து நம்பவில்லை. ஸ்கேன் கோப்புகளைச் சேர்த்து வைக்க நகரத்தில் ஒரு கடையில் பாவித்த 500 ஜிபி ஹாட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். கொழுவிப் பார்த்தால் சுத்தமாக, வெறுமையாக இருந்தது. சும்மா ஒரு சந்தேகத்தில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை நேரடியாக வாசித்து, ஜேபெக் இப்படித் தொடங்கும், பிடிஎஃப் இப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கோப்புகளைப் பொறுக்கும். பழைய பெயர் வராது, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள இலக்கமும்தான் வரும். படம் வரும். யாரோ ஒருவரின் அடையாள அட்டை இரண்டு பக்கமும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிறகு ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படங்கள், அல்பம் முழுவதும். அதோடு நிறுத்திவிட்டேன். விற்றவரிடம் கேட்டபோது, "போமட் போட்டுத்தான் தந்தனான் தங்கச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

சரி, என் கடை டிஸ்க்கில் என்ன இருந்தது? என்னுடையது என்று சொல்ல அதிகம் இல்லை. ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைகள், பிறப்புப் பதிவுகள், மரணப் பதிவுகள், காணி அனுமதிப்பத்திரங்கள், சமுர்த்திக் கடிதங்கள், வீட்டுத்திட்ட விண்ணப்பங்கள். ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிட்டு அழிப்பதில்லை, ஏனென்றால் ஒரு மாதம் கழித்து "பிள்ளை, அண்டைக்கு எடுத்த கொப்பி இருக்கோ" என்று வருவார்கள். மனுக்கள் தனி ஃபோல்டரில். பாமினி எழுத்துருவில் அடித்தவை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாக்கள், 2014இல் முதன்முதலாக அடித்த மனுவையே திரும்பத் திரும்பக் கொண்டுவருவார்கள். உள்ளே மகனின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், கையளித்த திகதி எல்லாம் அப்படியே இருக்கும். மேலே விலாசத்தில் ஜனாதிபதியின் பெயரை மட்டும் மஹிந்த, மைத்திரிபால, கோட்டாபய, ரணில், அநுர என்று நான் மாற்றியிருப்பேன்.

இப்படியான டிஸ்க்கை அப்படியே கைமாற்ற முடியாது. அதேநேரம் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் முடியாது. 2009இல் இடம்பெயர்ந்தபோது காகிதங்களை விட்டுவிட்டு வந்த சனம் இது. சிலருடைய அனுமதிப்பத்திரத்தின் தெளிவான பிரதி என் டிஸ்க்கில் மட்டும் இருக்கக்கூடும். ஆகவே ஷ்ரெட்ஓஎஸ்ஸைத் தொடுவதற்கு முன்னர் ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்தேன். தொலைபேசி இலக்கம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, அவர்களுடையதை அவர்களிடமே கொடுத்தேன். காணிப் பத்திரங்களையும் மனுக்களையும் கடவுச்சொல் போட்ட வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் போகட்டும் என்று விட்டேன். உண்மையில் இந்த வேலையில் நேரம் தின்றது இந்தப் பகுதிதான். எந்த மென்பொருளும் இதில் உதவாது.

இனிக் கருவிக்கு வருவோம். முன்பு எல்லாரும் டிபேன் என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை 2012இல் பிளான்கோ என்ற நிறுவனம் வாங்கியது. 2015க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை, புதிய மெஷின்களில் தடுமாறும். டிபேனுக்குள் இருந்த அழிக்கும் நிரலிலிருந்து கிளைத்ததுதான் என்வைப். அந்த என்வைப்பைச் சுமந்துகொண்டு வருவதுதான் ஷ்ரெட்ஓஎஸ். பழைய பயோஸ் மெஷினிலும் எழும்பும், புதிய யூஇஎஃப்ஐ மெஷினிலும் எழும்பும். புதியதில், அங்கீகாரமில்லாத மென்பொருளை எழும்ப விடாத செக்யூர் பூட் என்ற காவலை நிறுத்திவிட வேண்டும். இறக்கிய கோப்பை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு பென் ட்ரைவில் எழுதினால் போதும்.

எழும்பியதும் ஒரு நீலத் திரை. எலிக்கு வேலையில்லை, எல்லாம் கீபோட்டில். டிஸ்க்குகள் வரிசையாக வரும். மொடல், தொடர் இலக்கம், அளவு எல்லாம் காட்டும். ஸ்பேஸ் தட்டினால் தெரிவாகும், எம் தட்டினால் முறையை மாற்றலாம், பெரிய எஸ் தட்டினால் தொடங்கிவிடும். இங்கேதான் கவனம் வேண்டும். எந்த டிஸ்க் உங்களுக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டே நான் பென் ட்ரைவைச் சொருகுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தொடர் இலக்கத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

முறைகளின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மூன்று சுற்று, ஏழு சுற்று, குட்மனின் 35 சுற்று. பீட்டர் குட்மன் அந்த 35ஐ 1996இல் எழுதியது அக்காலத்து டிஸ்க்குகளின் பலவகைக் குறியீட்டு முறைகளுக்காக. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35ம் தேவையில்லை என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், சாதாரணக் காந்த டிஸ்க்குக்கு ஒரு முறை முழுக்க எழுதினால் பொதுவாகப் போதும் என்றே சொல்லியிருந்தது. நான் பூச்சியம் எழுதுவதை ஒரு சுற்று, அதன் பின் சரிபார்ப்பு, அவ்வளவுதான். 500 ஜிபி டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். சரிபார்க்க இன்னும் அவ்வளவு. 35 சுற்று என்றால் இரண்டு நாளுக்கும் மேல்.

இரண்டு நாள் கரண்ட் ஒழுங்காக நிற்கும் ஊரில் இருப்பவர்கள் அதைச் செய்யட்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இப்போது நிலைமை பரவாயில்லை, ஆனாலும் மழைக்குணம் வைத்தால் எங்கள் பக்கம் மினுங்கத் தொடங்கிவிடும். நான் பயன்படுத்திய பதிப்பில், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் இருக்கும் சின்ன யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். பற்றரி நன்றாக இருக்கும் பழைய லப்டொப் ஒன்றில் யூஎஸ்பி கேபிள் வழியாக டிஸ்க்கைக் கொழுவிச் செய்வதும் உண்டு, 2.5 அங்குல டிஸ்க் என்றால் அதற்குத் தனி மின்சாரம் தேவையில்லை. யூஎஸ்பி 2.0 என்றால் வேகம் செக்கனுக்கு 30 எம்பி அளவுக்கு இறங்கிவிடும், 500 ஜிபிக்கு நாலரை மணித்தியாலத்துக்கு மேல். இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஓடும்போது அது காட்டும் விபரம். எத்தனை வீதம் முடிந்தது, எவ்வளவு நேரம் மிச்சம், என்ன வேகம், டிஸ்க் எவ்வளவு சூடு, எழுத முடியாத இடம் உண்டா. விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவிலேயே ஷிஃப்ட் எஃப்10 தட்டி, டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, டிஸ்க்கைத் தெரிவுசெய்து "கிளீன் ஆல்" என்று கொடுத்தாலும் முழு டிஸ்க்கிலும் பூச்சியம் எழுதப்படும். திரும்ப விண்டோஸ்தான் போடப்போகிறீர்கள் என்றால் அதுவே போதும். ஆனால் அது வாய் திறக்காது. மணிக்கணக்காகக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, ஓடுகிறதா, செத்துவிட்டதா என்று இருக்க வேண்டும். "ஆல்" என்ற சொல்லை விட்டு "கிளீன்" மட்டும் கொடுத்தால் கண் மூடித் திறக்க முடிந்துவிடும். அட்டவணை மட்டும்தான் போயிருக்கும்.

முடிந்ததும் ஷ்ரெட்ஓஎஸ் ஒரு பிடிஎஃப் சான்று தரும்: டிஸ்க்கின் தொடர் இலக்கம், முறை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிழைகள். அது வேண்டுமென்றால் பென் ட்ரைவைக் கழற்றாமல் விட வேண்டும், அதில்தான் சேமிக்கும். பிடிஎஃப்பும் திரையும் ஆங்கிலம் மட்டும். மெஷின் வாங்கிய பிள்ளையின் தகப்பனிடம் அதை அச்செடுத்துக் கொடுத்தபோது, "இது என்ன, கொம்பியூட்டருக்கு மரண சேட்டிபிக்கற்றோ" என்றார். எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அலுவலகங்கள் பழைய கொம்பியூட்டரை ஏலம் விடும்போது இப்படி ஒரு தாளையும் கோப்பில் போட்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு டிஸ்க் மட்டும் பிழைகளோடு தோல்வி என்று முடிந்தது. அதில் எழுத முடியாத இடங்கள் இருந்தன. அங்கே பழையது என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். அதைத் திரும்பப் பாவிக்கவும் கூடாது, இரும்பு வாங்க வரும் லொறியில் போடவும் கூடாது. துளைபோடும் மெஷினால் தட்டோடு சேர்த்துத் துளைத்தோம். லப்டொப் டிஸ்க்குகளுக்குள் இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுத்தியலால் அடித்தால் தூளாய்ப் பறக்கும். கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க். இங்கே ஷ்ரெட்ஓஎஸ்ஸுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன், ஆனால் பிழை அதனுடையது இல்லை. எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும், வெளியே காட்டாத உதிரி இடமும் வைத்திருக்கும். நீங்கள் மேலிருந்து கீழ்வரை எழுதினாலும் சில பழைய துண்டுகள் அந்த மறைவிடத்தில் தங்கலாம். அதற்கு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சில மெஷின்களில் பயோஸுக்குள்ளேயே அந்தத் தெரிவு உண்டு. ஷ்ரெட்ஓஎஸ்ஸிலும் ஓல்ட் எஃப்2 தட்டினால் கட்டளைத் திரை வரும், தேவையான கருவிகள் அங்கே இருக்கின்றன. ஆனால் நீள நீளமான ஆங்கிலக் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். டிஸ்க் "ஃப்ரோஸன்" என்று மறுத்தால், மெஷினை ஒரு தரம் தூங்க வைத்து எழுப்பிவிட்டுப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாதவர் ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

காந்த டிஸ்க்குக்கு 5க்கு 5. எஸ்எஸ்டிக்கு 5க்கு 2.

அழித்த டிஸ்க்குகளில் ஃபோட்டோரெக்கைத் திரும்ப ஓடவிட்டேன். ஒரு கோப்பும் வரவில்லை. பிறகு மின்ட் போட்டேன், பாமினியைப் பிரதி பண்ணி எழுத்துரு ஃபோல்டரில் போட்டதும் பழைய மனுக்கள் லிப்ரே ஒஃபிஸில் ஒழுங்காகத் திறந்தன. பரந்தன், தருமபுரம், இரணைமடுப் பக்கம் யாருக்காவது தேவையென்றால் பென் ட்ரைவோடு வாருங்கள், எழுதித் தருகிறேன். ஆனால் டிஸ்க்கை என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் பார்த்து முடித்த பிறகு, அந்தப் பெரிய எஸ்ஸை உங்கள் கையாலேயே தட்டுங்கள்.