ஒன்பது வருஷமா ஒரு செராமிக் கிரில்: எது உடையுது, வாரண்டி எதுக்கு வருது

செராமிக் கிரில்னா தடிமனான பீங்கான் ஓட்டுக்குள்ள கரி போட்டு, மூடி வெச்சு சமைக்கிற அடுப்பு. எங்களோடது 2016 ஏப்ரல்ல வாங்கினது. அட்லாண்டாவுக்கு வடக்க இருக்கோம், இங்க வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பத்த வெச்சிடுவோம், குளிர்காலத்துலயும் விடுறதில்ல. சனிக்கிழமைன்னா முழுக்கோழி, லீவு நாள்ல ராத்திரி முழுக்க வேகுற ஆட்டுத்தொடை, பசங்களுக்கு பிட்சா. இந்த ஒன்பது வருஷத்துல ரெண்டு ஃபயர்பாக்ஸ், மூணு கேஸ்கெட் (மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல காத்து போகாம ஒட்டுற பட்டை), உச்சித் துளைய மூடுற ஒரு இரும்பு மேல்மூடி மாத்தியாச்சு. வெளி ஓடும் டோமும் (தூக்கித் தெறக்குற பீங்கான் மூடி) மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு. வாங்கலாமான்னு கேக்குறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது "லைஃப்டைம் வாரண்டி உண்டுல்ல?" ன்னுதான். உண்டு. ஆனா அந்த ஒரு வார்த்தைய வெச்சு ரெண்டு பிராண்டுல எது நல்லதுன்னு முடிவு பண்ண முடியாது. எது உடையும், உடைஞ்சா மாத்துப் பீஸை யாரு கொண்டுவந்து குடுப்பாங்க, இத ரெண்டையும் பாத்துட்டு வாங்குங்க.

ஃபயர்பாக்ஸ்னா உள்ள கரி போடுற கிண்ணம். அதுதான் உடையுது. கரி நேரா தொட்டுக்கிட்டு எரியுறதால உள்பக்கம் ரொம்ப சூடாயிடும், வெளிப்பக்கம் அவ்ளோ சூடாகாது, உள்ள விரியுற அளவுக்கு வெளிய விரியாததால இழுபட்டு விரிசல் விடும். அதுலயும் காத்து உள்ள வர்றதுக்காக முன்பக்கம் கீழ ஒரு வாய் வெட்டியிருப்பாங்கல்ல, அந்த வாயோட மூலையிலதான் ஆரம்பிக்கும். எனக்கு 2019-ல அங்கதான் ஆரம்பிச்சுது. காலையில சாம்பல் வழிக்கிறப்ப கரண்டி எங்கயோ தட்டுற மாதிரி இருந்துச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா மூலையிலிருந்து மேல விளிம்பு வரைக்கும் ஒரு கோடு, நகம் உள்ள போற அளவுக்கு. மொத தடவ பாத்ததும் மனசு விட்டுப்போச்சு. ஆனா இத சொல்லணும், விரிசல் விட்ட ஃபயர்பாக்ஸ் உடனே வேலை செய்யாமப் போயிடாது, அது வெளி ஓட்டுக்குள்ள உக்காந்திருக்கறதால துண்டு விலகி விழுற வரைக்கும் சமைக்கலாம். இதனாலதான் கமாடோ ஜோ மாதிரி கம்பெனிங்க ஃபயர்பாக்ஸ தனித்தனித் துண்டா செஞ்சு அடுக்க ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு துண்டும் தன்பாட்டுக்கு விரியும், ஒண்ணு போனா ஒண்ண மட்டும் மாத்திக்கலாம். புதுசா வாங்குறவங்க இத கட்டாயம் பாருங்க.

கிளேஸ் மேல சிலந்தி வலை மாதிரி சன்னமா கோடு கோடா வரும், அதப் பாத்து பயப்படாதீங்க, அது மேல்பூச்சு மட்டும்தான். வாரண்டியிலயும் அத கணக்குல எடுக்க மாட்டாங்க.

இப்ப வாரண்டி. கம்பெனி பேரு வேண்டாம், நடந்தத சொல்றேன். வாங்கின கடைக்கு போன் பண்ணேன், பில், சீரியல் நம்பர், நாலு பக்கத்துல இருந்து போட்டோ கேட்டாங்க. பில்ல எடுத்துப் பாத்தா வெறும் வெள்ளத்தாளு, வெயில் பட்ட தெர்மல் பேப்பர், எழுத்து மொத்தமா போயிடுச்சு. வாங்கின வாரமே ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணி வெச்சிருந்ததால தப்பிச்சேன். அஞ்சாவது வாரம் பீஸ் வந்துச்சுன்னு கடையில கூப்டாங்க, காசு ஒண்ணும் கேக்கல.

கடையில டப்பாவ பிரிச்சு நான் ஒரு வேலை பண்ணேன். ஊர்ல சட்டி வாங்கப் போனா அம்மா சுண்டிப் பாக்காம எடுக்கவே மாட்டாங்க, டங்குன்னு மணி மாதிரி கேட்டா எடுப்பாங்க, சத்தம் உள்ளுக்குள்ளயே அமுங்குனா வெச்சிட்டு அடுத்த சட்டி. அதே மாதிரி ஃபயர்பாக்ஸ கீழ ஒரு துணி மேல வெச்சு விரல் முட்டியால சுத்திச் சுத்தித் தட்டுனேன். மூணு பக்கம் நல்லாக் கேட்டுச்சு, ஒரு பக்கம் சொத்துன்னு இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. ஈரத்துணியால தொடச்சுவிட்டேன், மத்த இடமெல்லாம் காய்ஞ்சு வர்றப்ப ஒரு மயிரிழை மட்டும் ஈரமா கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. வர்ற வழியிலயே எங்கயோ இடிச்சிருக்காங்க. கடைக்காரர் அங்கயே போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு, அடுத்த பீஸ் ரெண்டே வாரத்துல வந்துச்சு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பாத்திருந்தா நான்தான் கீழ போட்டேன்னு சொல்லியிருப்பாங்க, ஏன்னா கீழ விழுந்து உடைஞ்சதுக்கு எந்த வாரண்டியும் வராது.

ரெண்டாவது தடவ 2022. அதுக்குள்ள அந்தக் கடைய மூடிட்டாங்க. நேரா கம்பெனிக்கு மெயில் போட்டேன், அதே போட்டோ, அதே நம்பர், பதினோரு வாரம் ஆச்சு, பீஸ் இலவசம் ஆனா அனுப்புற செலவு உங்களோடதுன்னுட்டாங்க. கனமான மண்ணு, செலவு கொஞ்சம் இல்ல. அதே கம்பெனி, அதே லைஃப்டைம், நடுவுல டீலர் இல்லாம போனதுதான் வித்தியாசம். நான் இப்ப யாரு கேட்டாலும் பிராண்ட சொல்றதுக்கு முன்னாடி உங்க ஊர்ல டீலர் யாருன்னு கேக்குறேன், அதுக்குக் காரணம் இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது இதவிடப் பாவம். ஊர மாத்திப் போற ஒருத்தர்கிட்ட பாதி விலைக்கு வாங்குனாரு, அடுத்த வருஷமே டோம்ல விரிசல், வாரண்டி மொதல்ல வாங்கினவருக்கு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. டோம் மட்டும் காசு குடுத்து வாங்குனா புதுக் கிரில் விலையில பெரிய பங்கு வந்துடும். பழசு வாங்குறதா இருந்தா வாரண்டியே இல்லைன்னு நெனச்சு விலை பேசுங்க. அங்கீகாரம் இல்லாத ஆன்லைன் கடையில வாங்குனாலும் பல கம்பெனியில இதே கதைதான்.

இரும்பு பாகம், பேண்ட் (டோமுக்கு ஒண்ணு, அடிப்பாகத்துக்கு ஒண்ணுன்னு சுத்திப் புடிக்கிற இரும்புப் பட்டை), கீல், இதுக்கெல்லாம் லைஃப்டைம் கிடையாது, சில வருஷம்தான், கேஸ்கெட்டுக்கு அதவிடக் கம்மி. இந்த விவரமெல்லாம் வாரண்டித் தாள்ல ரெண்டாவது பத்தியில இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. அமெரிக்காவுல 1975-ல வந்த மேக்னுசன்-மாஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி எழுத்துல குடுக்குற வாரண்டிய வாங்குறதுக்கு முன்னாடியே படிக்க விடணும், கடையில கேட்டா காட்டியாகணும். நின்னு படிங்க.

டோம் உடையுறதுக்கு பெரிய காரணம் சூடு இல்ல, பேண்டு லூசாகுறதுதான். டோமப் புடிச்சிருக்கறதே அந்த இரும்புப் பட்டை ஒண்ணுதான், சூட்டுல விரிஞ்சு விரிஞ்சு நட்டு தளர்ந்துடும். ஒரு நாள் மூடியத் தூக்குறப்ப டோம் மட்டும் ஒரு விரக்கடை முன்னாடி நழுவிச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்காரரக் கத்திக் கூப்பிட்டேன். அன்னைலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா, ஆறின கிரில்ல மூடி வெச்சு, ஸ்பேனர் போட்டு ரெண்டு பேண்டையும் இறுக்கிடறேன். புதுசா இருந்தா மொத நாலஞ்சு தடவ சூடேத்தினதும் ஒருக்கா இறுக்கிடுங்க.

கேஸ்கெட் பத்தி சுருக்கமா. பழைய ஃபெல்ட் கேஸ்கெட் பிட்சா சூட்டுல, அதாவது 650 டிகிரி ஃபாரன்ஹீட்ல கருகிடும், எனக்கு ரெண்டாவது வருஷமே போச்சு. கண்ணாடி நாரு மெஷ்ல வர்றது ரொம்ப நாள் தாங்குது. போயிடுச்சான்னு பாக்க ஒரு டாலர் நோட்ட நடுவுல வெச்சு மூடி இழுங்க, தடையில்லாம வந்தா அங்க காத்து போகுது. 225 டிகிரியில ராத்திரி முழுக்க வேகவெக்கிறவங்களுக்கு இது முக்கியம், காத்து கசிஞ்சா சூடு கையில நிக்காது.

2023 ஜூலைல மதுரைக்குப் போயிட்டு அஞ்சு வாரம் கழிச்சு வந்தோம், மேல்மூடிய சரியா மூடாம போயிருக்கோம். தெறந்து பாத்தா கிரில் கம்பி முழுக்க பச்சையும் வெள்ளையுமா பூஞ்சை, அடியில சாம்பலும் மழைத்தண்ணியும் சேர்ந்து சேறு. உடனே பெருந்தீ போட்டு எரிச்சிடலாம்னு வீட்டுல சொன்னாங்க, நான் விடல. பீங்கான் குடிச்ச தண்ணி திடீர்னு ஆவியானா அதுக்கு வெளிய வர வழியில்லாம விரிச்சிடும். சேற வழிச்சு, மூடியத் தெறந்து ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சு, அப்புறம் கையளவு கரியில 200 டிகிரிய தாண்டாம மூணு மணி நேரம், அதுக்கப்புறம்தான் 500 வரைக்கும் கொண்டுபோனேன். புது மண்சட்டிய பழக்குறப்ப கஞ்சித்தண்ணி ஊத்தி சின்னத் தீயில வெப்பாங்கல்ல, அதே பொறுமைதான். ஒரு கீறல் இல்ல. பனி ஊருல இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், உள்ள ஊறின தண்ணி உறைஞ்சா விரியும். உறை போடுங்க.

அட்லாண்டாவுல இந்தப் பொருளுக்கு ஒரு கதையும் உண்டு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜப்பான்ல இருந்து திரும்பின அமெரிக்கப் படைவீரர்கள் அங்க பாத்த மண் அடுப்பக் கொண்டுவந்தாங்க, 1974-ல எட் ஃபிஷர் இங்க அந்த மாதிரி அடுப்பு விக்கிற பிக் கிரீன் எக் கடைய ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்து மண் அடுப்பு சில வருஷத்துலயே விரிசல் விட்டதாலதான் நல்ல செராமிக்குக்கு மாறினாங்க. நாம இன்னைக்கு லைஃப்டைம்னு கேக்குறதே அந்த மாற்றத்துக்கு அப்புறம் வந்ததுதான்.

போன மாசம் நாத்தனாருக்கு ஒண்ணு எடுக்கப் போனோம். மூணு கடையிலயும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இந்த மாடலுக்கு ஃபயர்பாக்ஸ் இப்ப உங்ககிட்ட இருக்கா? ஒரு கடையில ஆர்டர் போடலாம்னாங்க. இன்னொரு கடையில கம்பெனிக்கே போன் பண்ணுங்கன்னு நம்பர் குடுத்தாங்க. மூணாவது கடையில அந்த அம்மா பின்னாடி குடோனுக்கே கூட்டிட்டுப் போய் ரேக்குல இருந்த மூணு டப்பாவக் காட்டுனாங்க, போன கிளைம் எத்தன நாள்ல முடிஞ்சுதுன்னு நோட்டப் பாத்து சொன்னாங்க. விலை நாப்பது டாலர் கூட. அங்கயே வாங்கிட்டோம், கார்ல ஏத்துறதுக்கு முன்னாடி பில்ல போட்டோ எடுத்து, டோமையும் ஃபயர்பாக்ஸையும் ஒரு சுத்து தட்டிப் பாத்தேன், எல்லாப் பக்கமும் டங்குன்னு கேட்டுச்சு.