கொள்ளுப் பொடிக்கு எந்த மென்பொருள்?

வீட்டில் மனைவி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி அரைத்து விற்கிறார். திருநெல்வேலியில் நாலைந்து கடைகளுக்கு பாக்கெட் போடுகிறோம். மற்றபடி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்பவர்கள்தான். படம் எடுத்து, அதில் பெயரும் விலையும் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஓரத்தை வெட்ட வேண்டும், கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும், பின்னால் தெரியும் சமையல் மேடையை எடுத்துவிட வேண்டும், தமிழில் நாலு வார்த்தை எழுத வேண்டும். அவ்வளவுதான் தேவை. இதற்குப் போய் ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட மனசு வரவில்லை.

வெட்டுவதும் சுருக்குவதும் இன்று எந்த மென்பொருளிலும் நடக்கும். அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு வழி காட்டியது 200 லேபிள் வீணான கதைதான். போனில் ஏதோ ஒரு செயலியில் அவசரமாக லேபிள் செய்து, சின்னத் திரையில் சரியாகப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பாக்கெட்டை வாங்கிப் பார்த்த கடைக்கார அண்ணாச்சி, "இது என்ன பொடி தம்பி?" என்றார். 'கொள்ளு' என்பதில் கொம்பு 'க'வுக்கு வலப்பக்கம் போய் நின்றிருந்தது. 'ளு' சேராமல் ள தனி, சுழி தனி. 'பொடி'க்கும் அதே கதி.

இன்று போனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்று அடித்தால் கணினி முதலில் 'க'வைத்தான் வைத்துக்கொள்ளும், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அதற்குப் பிறகு. திரையில் வரையும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவதும், 'டி', 'ளு' போன்றவற்றை ஒரே உருவமாகச் சேர்ப்பதும் மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எவ்வளவு நல்ல எழுத்துருவைப் போட்டாலும் தமிழ் உடையும். அச்சகங்களில் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்க இதுவும் ஒரு காரணம். அவற்றில் கொம்பைத் தனியாக முன்னால் அடிப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது.

ஆக, நான் பார்த்தது ஒன்றே ஒன்று: தமிழ் உடையாமல் வர வேண்டும், அடுத்த மாதம் திறந்தாலும் அது திருத்தக்கூடிய எழுத்தாகவே இருக்க வேண்டும். பருப்பு விலை ஏறினால் எங்கள் விலையும் ஏறும். 90-ஐ 100 ஆக்குவதற்கு முழு லேபிளையும் மறுபடி செய்துகொண்டிருக்க முடியாது.

இதை வைத்துப் பார்த்தபோது பெயின்ட் டாட் நெட் முதலிலேயே விழுந்துவிட்டது. உண்மையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2004-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் திட்டமாகத் தொடங்கியது, விண்டோஸுக்கு மட்டும். அவர்கள் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம். என் பழைய 4 ஜிபி மடிக்கணினியிலும் சட்டென்று திறக்கும். ஆனால் எழுதிவிட்டு வெளியே ஒரு தட்டு தட்டினால் எழுத்து படமாக உறைந்துவிடும். பிறகு விலையை மாற்ற முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அஃபினிட்டி என்ற மென்பொருளின் 2-ஆம் பதிப்பில் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும் வசதி கிடையாது. 2025 அக்டோபரில் புதிய பதிப்பையே இலவசமாக்கிவிட்டார்கள். அதை நான் நிறுவவில்லை. ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான எலிமென்ட்ஸை ஒருமுறை வாங்கினால் போதும் என்ற காலம் போய்விட்டது. 2025 பதிப்பிலிருந்து அது மூன்று வருட உரிமம்தான்.

கடைசியில் கிம்ப். 1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றுவரை இலவசம், வியாபாரத்துக்கும் தடையில்லை. லினக்ஸ் உலகில் எழுத்துகளை வரையும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டும் இதற்குள் இருக்கின்றன. ஹார்ஃப்பஸ் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் குரோம் உலாவியிலும் இருப்பதுதான். 'கொள்ளுப் பொடி' முதல் தடவையே ஒழுங்காக வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் என்று இலவச எழுத்துருக்களாகப் போட்டுக்கொண்டேன். நான் நோட்பேடில் அடித்து ஒட்டுவேன், அது என் பழக்கம்.

பழகும்வரை கிம்ப் படுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். திறக்க நேரமெடுக்கும். 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபிஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும். முதல் வாரம் இதைத் திட்டாத நாளில்லை. இப்போது அதுவே நல்லதாகப் படுகிறது, ஏனென்றால் எழுத்து தனி அடுக்காக (லேயர்) இருக்கும் மூலக் கோப்பு தானாகவே கையில் தங்குகிறது. எழுத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் மட்டும் அந்த அடுக்கை நகலெடுத்து, நகலைச் சாயுங்கள். சாய்த்த அடுக்கின் எழுத்தைத் திருத்தப் போனால், செய்த மாற்றம் போய்விடும் என்று எச்சரிக்கும்.

பின்னணியை நீக்குவதில், இணையத்தில் ஓடும் வடிவமைப்புச் செயலியான கேன்வாவிடம் கிம்ப் தோற்கும். அதில் ஒரே சொடுக்கு, ஆனால் அந்த வசதிக்குச் சந்தா வேண்டும். கிம்ப்பில் பாக்கெட்டின் விளிம்பைக் கையால் சுற்றிவர வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. கணினியே இல்லாமல் போனிலேயே எல்லாம் செய்பவர் என்றால் கேன்வாவிலேயே இருங்கள், தமிழ் நன்றாகவே வருகிறது. மூலக் கோப்பு அவர்கள் கணக்கில் இருக்கும், இணையம் வேண்டும். எங்கள் தெருவில் மழை பெய்தால் இணையம் போய்விடும்.

உலாவியில் ஓடும் ஃபோட்டோபீயில் நான் செய்ததெல்லாம், யாராவது அனுப்பும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பைத் திறந்து பார்ப்பதுதான். அதற்கு அருமை. ஓரத்தில் விளம்பரம் ஓடும். கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகாது. விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறார்கள் என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இதெல்லாம் எதற்கு, இர்ஃபான்வியூ போதும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

அச்சகத்தில் இன்னமும் கோரல் டிரா மென்பொருளின் ஃபைல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். 300 டிபிஐ வைத்து பிடிஎஃப் எடுத்துக் கொடுக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்கள். அச்சில் சிவப்பு மட்டும் திரையில் பார்த்ததைவிட மங்கலாக விழுகிறது. மிளகாய்ப் பொடி போடும் முன் இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.