எட்டுப் பேர், மூன்று மணி நேரம்: ரோமில் ஒரு நடைச் சுற்றுலா

ரோமின் பழைய நகர்ப்பகுதியை நடந்தே சுற்றிக்காட்டும் நிறுவனங்கள் பல உண்டு. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற ஒரே உறுதிமொழிக்காக, பெரிய குழுக்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம் கேட்ட ஒரு நிறுவனத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

நவோனா சதுக்கத்தில் தொடங்கினோம். அங்குள்ள நீரூற்றுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், சதுக்கம் ஏன் இப்படி நீண்டு, வட முனையில் மட்டும் வளைந்திருக்கிறது என்று வழிகாட்டி எங்களையே கேட்டார். முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்ட அரங்கின் களம்தான் இன்றைய சதுக்கம் என்பதும், பார்வையாளர் வரிசைகள் இருந்த இடத்தில்தான் இப்போது வீடுகள் நிற்கின்றன என்பதும் அந்தக் கேள்வியிலிருந்தே விளங்கின.

கொடுத்த பணம் வீணில்லை என்று தோன்றியது அடுத்த இடத்தில்தான். 'பாசெத்தோ தெல் பிஷோனே' என்ற கூரையிட்ட குறுகிய சந்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால், எதிரே வீடுகள் எல்லாம் வில்போல் வளைந்து நிற்கின்றன. கி.மு. 55இல் பொம்பேயுஸ் என்ற தளபதி திறந்துவைத்த, ரோமின் முதல் நிரந்தரக் கல் அரங்கின் இருக்கை வரிசைகள்மீது எழுந்த வீடுகள் அவை. அரங்கு மறைந்த பின்னும் அதன் வளைவு மட்டும் மறையவில்லை. வழிகாட்டி தரையில் சுண்ணக்கட்டியால் ஓர் அரைவட்டம் வரைந்து, மேடை எங்கே இருந்தது என்று காட்டினார். எட்டுப் பேரும் அதைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். நாற்பது பேர் கொண்ட குழுவில் பின்வரிசைக்காரருக்கு முன்னே நிற்பவரின் முதுகுதான் தெரிந்திருக்கும். அதே கட்டட வளாகத்தின் மறுகோடியில், இன்று லார்கோ அர்ஜெந்தீனா எனப்படும் இடத்தில், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். பத்து நிமிடத்துக்குள் அங்கும் நடந்தே போய்விட்டோம்.

குறை என்று சொன்னால், பாந்தியன் ஆலய வாசலில் நேர்ந்தது. 2023 முதல் அங்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அது எங்கள் கட்டணத்தில் அடங்காது என்பதை வரிசையின் அருகே போன பிறகுதான் சொன்னார்கள். சீட்டு வாங்குவதிலேயே இருபத்தைந்து நிமிடம் கழிந்தது. 43 மீட்டர் விட்டமுள்ள, இரும்புக் கம்பி எதுவும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டால் எழுப்பப்பட்ட அந்தக் குவிமாடத்தின் கீழ் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. உச்சித் திறப்பின் வழியே விழும் மழைநீர் வடிவதற்குத் தரையில் இட்டிருக்கும் சிறு துளைகளை விரலால் சுட்டிக்காட்டியதோடு வழிகாட்டி நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அது அவர் தவறன்று. பதிவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

தண்ணீர்க் குப்பி வாங்க வேண்டாம். தெருவோரக் குழாய்களில் குடிநீர் ஓயாமல் ஓடுகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிட்டு எழும், வாய்வைத்துக் குடிக்கலாம். தெருக்களில் பாவிய கருங்கற்கள் மேடுபள்ளமானவை என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.

இதே நிறுவனம் ஆற்றின் மறுகரையிலுள்ள திராஸ்தேவெரே பகுதிக்கும் ஒரு நடை நடத்துகிறது. அதற்கும் பதிவுசெய்யவே எண்ணியிருக்கிறேன். எந்தெந்த நுழைவுச்சீட்டுகள் கட்டணத்தில் அடங்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வேன்.