பிராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே: முப்பது பேர் அலுவலகம் முதல் மூவாயிரம் பேர் நிறுவனம் வரை

மெயில் சர்வருக்கு முன்னால் நின்று, வரும் அஞ்சலில் ஸ்பாமையும் வைரஸையும் வடிகட்டுவது மெயில் கேட்வே. வியன்னாவைச் சேர்ந்த பிராக்ஸ்மாக்ஸ் நிறுவனம் வெளியிடும் மெயில் கேட்வேயை, அளவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் நிறுவிப் பராமரித்திருக்கிறேன். 2018 ஜனவரியில் வந்த 5.0 பதிப்பு முதல் இது ஏஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் திறமூல மென்பொருள். உள்ளே இருப்பவை எல்லாம் நமக்குப் பழகியவைதான்: டெபியன் லினக்ஸ், அதன்மேல் அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாமுக்கு மதிப்பெண் போடும் ஸ்பாம்அசாசின், வைரஸ் தேடும் கிளாம்ஏவி. இவற்றைக் கையால் கோத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கே, இந்தத் தயாரிப்பின் இணையத் திரையும் விதி அமைப்பும் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பது புரியும்.

சந்தா சர்வர் கணக்கில்தான் வாங்கப்படுகிறது. அஞ்சல் பெட்டிகளையோ டொமைன்களையோ எண்ணுவதில்லை. சந்தா இல்லாமலும் எல்லா வசதிகளும் வேலை செய்யும். உள்நுழையும்போது ஓர் அறிவிப்பு வரும், புதுப்பிப்புகளை வேறு களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவே. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சேவைகளோடு ஒப்பிட்டால் நாற்பது பேருக்கு இதன் லாபம் பெரிதாகத் தெரியாது. நானூறு பேருக்கு நன்றாகவே தெரியும்.

முப்பது பேர் அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன். அவர்களுடைய அஞ்சல் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ மைக்ரோசாஃப்ட் 365-இலோ இருந்தால், முன்னால் இன்னொரு கேட்வே வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி வைக்கும் பலர், அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மட்டும் மாற்றிவிட்டு, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் கேட்வேயின் ஐபி தவிர வேறெங்கிருந்தும் அஞ்சல் ஏற்கக் கூடாது என்று பூட்ட மறந்துவிடுகிறார்கள். முன்வாசலில் காவலாளி நிற்க, ஸ்பாம் அனுப்புபவன் கொல்லை வழியாக நேரே உள்ளே வந்துவிடுகிறான். சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் சிறிய அலுவலகத்துக்கு ஒரே ஒரு மெய்நிகர் இயந்திரம் போதும், ஆனால் நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடாது. நான் முதலில் 2 ஜிபி மட்டும் கொடுத்தேன். கிளாம்ஏவி புதிய வைரஸ் பட்டியலை ஏற்றும்போது, பழைய பட்டியலும் சிறிது நேரம் நினைவகத்திலேயே இருக்கும். அந்தச் சில நொடிகளில் இடம் போதாமல், லினக்ஸே அதைக் கொன்றுபோட்டது. 6 ஜிபி ஆக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அதே இடத்தில் இன்னொரு தவறும் என்னுடையதே. டொமைன் பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் சர்வராக வழக்கம்போல கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8-ஐக் கொடுத்துவிட்டு, அப்பட்டமான ஸ்பாம்கூட ஏன் குறைந்த மதிப்பெண்ணோடு தப்பிக்கிறது என்று இரண்டு நாள் விழித்தேன். ஓர் அஞ்சலின் தலைப்பகுதியைத் திறந்து வரி வரியாகப் படித்தபோதுதான், ஸ்பாமில் வரும் இணைய முகவரிகளைத் தொகுக்கும் யூஆர்ஐபிஎல் தடைப்பட்டியல், டிஎன்எஸ் வழியாகப் போன எங்கள் வினவலை மறுத்திருப்பது தெரிந்தது. பொது ரிசால்வர் வழியாக உலகமே கேட்பதால், இத்தகைய தடைப்பட்டியல்கள் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. கேட்வேயிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவியதும் மதிப்பெண்கள் சரியாயின. நிறுவும் அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

இந்தத் தயாரிப்பு தன் முழு மதிப்பைக் காட்டுவது நடுத்தர நிறுவனத்தில். யாரிடமிருந்து, யாருக்கு, எப்போது, எத்தகைய உள்ளடக்கம், என்ன செய்வது என்ற ஐந்தையும் பொருள்களாக வைத்து விதிகளைக் கட்டலாம். கணக்குப் பிரிவுக்கு வரும் மேக்ரோ (உள்ளே நிரல் பொதிந்த) கோப்புகளை மட்டும் குவாரண்டைனில், அதாவது தனியே தடுத்து, வைப்பது ஐந்து நிமிட வேலை. பெறுநர் இருக்கிறாரா என்று உள் சர்வரிடம் கேட்டுவிட்டு ஏற்கும் வசதியும் உண்டு, ஆனால் அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இயக்காவிட்டால், இல்லாத முகவரிகளுக்கு வரும் குப்பையையும் ஏற்றுக்கொண்டு, பின்னர் திருப்பியனுப்பி நம் ஐபியின் பெயரைக் கெடுத்துக்கொள்வோம்.

கிரேலிஸ்டிங் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதன்முறை வரும் அனுப்புநரைத் தற்காலிகமாக மறுத்து, மீண்டும் முயன்றால் ஏற்கும் இந்த முறை ஸ்பாமை நன்றாகக் குறைக்கிறது; ஆனால் மறுமுயற்சி எப்போது என்பது அனுப்பும் சர்வரின் கையில் இருக்கிறது. ஓடிபி அஞ்சலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் இந்த விளக்கம் எடுபடாது. விலக்கு கொடுக்கப் போனால் அங்கே குழப்பம்: அனுமதிப் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கிறது. விதி அமைப்பில் உள்ள பட்டியலில் சேர்த்தால் கிரேலிஸ்டிங் நிற்காது; மெயில் ப்ராக்ஸியின் கீழுள்ள பட்டியலில் சேர்க்க வேண்டும். திரையில் இது இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம்.

மூவாயிரம் பெட்டிகள் கொண்ட இடத்தில் ஒற்றை இயந்திரத்தை நம்ப முடியாது. ஒரு மாஸ்டர், அதனோடு இணைந்த மற்ற இயந்திரங்களான நோடுகள் என்று கிளஸ்டர் அமைக்கலாம். மாஸ்டரில் செய்யும் மாற்றம் மற்றவற்றுக்குத் தானாகப் போய்ச் சேரும், மாஸ்டர் விழுந்தாலும் நோடுகள் வடிகட்டிக்கொண்டேயிருக்கும், தேவைப்பட்டால் ஒரு கட்டளையில் ஒரு நோடை மாஸ்டராக உயர்த்தலாம். ஆயினும் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் காத்திருக்கும் அஞ்சல்கள் அந்தந்த இயந்திரத்தில்தான் இருக்கும். இரண்டு இயந்திரங்கள் இருந்தால், எம்எக்ஸ் பதிவுகளில் இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண்ணைக் கொடுங்கள். இரண்டாவதை உபரியாக ஒதுக்கி வைத்தால், ஸ்பாம் அனுப்புபவர்கள் தேடிப்பிடித்து அதைத்தான் தட்டுவார்கள்.

வெளியே போகும் அஞ்சலையும் 26-ஆம் போர்ட் வழியாக இதனூடே அனுப்புங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அஞ்சல்கள் அனுப்புபவர்களிடம், அனுப்புநர் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. டிகிம் கையொப்பத்தைக் கேட்வேயிலேயே இடுவது நல்லது; உள் சர்வர் கையொப்பமிட்ட பிறகு கேட்வே அடிக்குறிப்பு சேர்த்தால் கையொப்பம் செல்லாமல் போகும்.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் இரண்டு குறைகள் உண்டு. இணைப்புக் கோப்புகளைத் தனியே ஓட்டிப் பார்க்கும் சாண்ட்பாக்ஸ் கிடையாது. டொமைன் வாரியாக நிர்வாகிகளைப் பிரித்து அமர்த்தவும் முடியாது. ஆகவே பல துணை நிறுவனங்களைக் கொண்ட குழுமம், ஒவ்வொன்றின் ஐடி பிரிவுக்கும் தனி உரிமை கேட்டால், தனித்தனிக் கேட்வேகளே வழி. "அந்த மெயில் வரவேயில்லை" என்று அழைப்பு வரும்போது கைகொடுக்கும் டிராக்கிங் சென்டர் (ஓர் அஞ்சலுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்க்கும் திரை) எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் அது சிஸ்லாக் எனப்படும் சர்வரின் பதிவுக் கோப்புகளைத்தான் துழாவுகிறது என்பதால், மூவாயிரம் பேர் அளவில் ஒரு வாரத்தைத் தேடச் சொன்னால் காத்திருக்கத்தான் வேண்டும். அழைப்பவரிடம் முதலில் தேதியையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வதை அங்கே வழக்கமாக்கிவிட்டோம்.