கரவனாக்கிய பஸ்ஸில் பின் இரட்டை ரயர்: எங்கே அளப்பது, எதைத் தவிர்ப்பது

டொயோட்டா கோஸ்டர், மிட்சுபிஷி றோசா போன்ற பழைய சிறு பஸ்ஸைக் கரவனாக்கினால், அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டியாக்கினால், கட்டில், தண்ணீர்த் தாங்கி, பற்றரி எல்லாம் பெரும்பாலும் பின் அச்சில்தான் போய் உட்காரும். பயணிகள் இறங்கினால் பஸ் இலேசாகும். கரவனுக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்ந்திருக்கும் இரட்டை ரயர்களின் இடைவெளியை வெறும் வண்டியில் பார்ப்பதில் பயனில்லை. தாங்கியை நிரப்பி, சாமான் ஏற்றி, ரயர் நிலத்தில் பதியும் இடத்தில் குனிந்து பாருங்கள். மேலே இரண்டு விரல் தாராளமாக நுழையும். பக்கச்சுவர் பிதுங்குவது கீழேதான்.

மைய இடைவெளியை, அதாவது ஒரு ரயரின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரையுள்ள தூரத்தை, தீர்மானிப்பது றிம். இரண்டு றிம்களின் தட்டுகளும் முதுகோடு முதுகு சேர்வதால், ஒரு றிம்மின் ஓப்செட்டை (றிம்மின் நடுவிலிருந்து தட்டுச் சேரும் முகம் வரையுள்ள தூரம்) இரட்டித்தால் அளவு வந்துவிடும்: 120 மி.மீ. என்றால் 240. கழற்றாமல் அளக்க, வெளி ரயரின் வெளி ஓரத்திலிருந்து உள் ரயரின் வெளி ஓரம் வரை நாடா பிடிக்கலாம். ரயர் கம்பனியின் அட்டவணையில் அந்த சைஸுக்குக் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச இடைவெளிக்குக் கீழே இது இறங்கக் கூடாது.

பாரம் கூடியதென்று 7.00-16 இருந்த அதே றிம்மில் 7.50-16 ஏற்றுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. முன்னதன் அகலம் சுமார் 200 மி.மீ., பின்னது சுமார் 215. ஆக மைய இடைவெளி 240 என்றால், சுவர்களுக்கிடையே 40 மி.மீ. இருந்த இடம் 25 ஆகிறது, பிதுக்கம் வேறு. தவிர 7.50க்கு உரிய றிம் அகலம் 6.00 அங்குலம், 7.00க்கு 5.50. இடையில் ஸ்பேசர் தட்டுப் போட்டால் ஸ்டட் (நட் ஏறும் புரியாணி) நீளம் போதாமல் நட் முழுப் புரி பிடிக்காது. ஓப்செட் கூடிய றிம் வாங்குவதே நல்லது, விலை கூடினாலும்.

திருகோணமலைக் கரையில் நிலாவெளி, குச்சவெளி மணலில் புதைந்தால் காற்றை இறக்குவது ஜீப்காரர் பழக்கம். இரட்டை ரயரில் அதைச் செய்தால் இரண்டும் உரசிச் சூடேறும். உரசியதற்கு அடையாளம், உள்பக்கச் சுவர்களில் மினுங்கும் வளையமும் கறுத்த ரப்பர்த் தூளும். ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தால் அந்த ரயருக்கு வேலை முடிந்தது. நடுவில் முருகைக்கல் சிக்கியிருந்தால் தார் வீதிக்கு ஏறுமுன் மரக்கட்டையால் தட்டி எடுங்கள்; அலவாங்கால் நெம்பினால் சுவர் கிழியும்.

காற்றைக் காலையில், ஓடுமுன் பார்க்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் கந்தளாய் வரை ஓடிவந்து மானி கூடக் காட்டினால் திறந்துவிடாதீர்கள். சோடிக்குள் வித்தியாசம் 5 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. உள் ரயரைப் பலர் பார்ப்பதே இல்லை, கை எட்டாததால். நீட்டிய வால்வு ஒன்று அந்தச் சாக்கைத் தீர்க்கும். இந்த சைஸ்களில் சோடியின் விட்ட வித்தியாசம் 6 மி.மீ.க்குள், அதாவது சுற்றளவில் 19 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். புதிதையும் தேய்ந்ததையும் சேர்த்துப் போட்டால் பெரியதே கூடுதல் பாரம் சுமக்கும்.

உப்புக் காற்றில் றிம் தட்டுகள் துருப்பிடிக்கும். கம்பிப் புருசால் சுரண்டுங்கள். சேரும் முகத்தில் தடித்த பெயின்ற் வேண்டாம், அது நசுங்கினால் நட் இளகும். உள் நட், வெளி நட் என இரண்டு வரும் ஜப்பான் அச்சுகளில் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, பிறகு வெளி நட்டை இறுக்க வேண்டும். இடப்பக்கத்தில் பெரும்பாலும் இடது புரி என்பதையும் கவனியுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் அதே ஒழுங்கில் மறுபடி இறுக்குங்கள்.